அதே செடி, அதே பாட்டு

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் குசினிக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு ஒன்று இருந்தது. அப்பா அந்தப் பங்களாவில் அப்பு, அதாவது சமையற்காரர். தட்டுகளை ஏந்திக்கொண்டு முதுகால் கதவைத் தள்ளித்தான் உள்ளே போவார். கதவு ஆடி அடங்குகிற அந்த நாலைந்து விநாடிக்குள் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு கொஞ்சம் குசினிக்குள் கொட்டும். பிறகு சாத்திக்கொள்ளும். பாட்டு சுவருக்கு அந்தப் பக்கம் முனகிக்கொண்டிருக்கும். அப்பா வெறுங்கையோடு திரும்பி வரும்போது இன்னும் நாலு சொல் வந்து விழும். நான் இங்கிலீசுப் பாட்டுப் படித்தது இப்படித் துண்டு துண்டாகத்தான். நடுவில் விட்டுப்போன இடங்களை நானே நிரப்பிக்கொள்வேன். நிரப்பிய சொற்கள் பெரும்பாலும் தமிழாக இருக்கும்.

இதை இப்போது எழுத வைத்தவன் என் பேரன். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து றொசல்லைக்கு வருவான். வரும்போது முதுகில் கிட்டார் தொங்கும். போன முறை அது இல்லை.

"கிட்டார் எங்கடா?"

"வித்துரலாம்னு கூட்டாளிகிட்ட குடுத்திருக்கேன் தாத்தா. பாட்டுப் பாடி போன்ல போட்டேன். நாப்பத்தி மூணு பேர் பாத்திருக்காங்க. அதுல பத்துப் பேரு நம்ம லயத்துக்காரங்க. மூணு தடவ நானே பாத்தது."

"எத்தன வருசமா பாடுற?"

"ரெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம். அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்று ஆரம்பித்தான். நான் அவனோடு வாதாடவில்லை. வெளியே வட்டவளைப் பக்கத்திலிருந்து மழை ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் பகுதி மழை ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. சாயத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, மெட்ராஸில் பிறந்த ஒரு வெள்ளைக்காரனின் கதையை அவனுக்குச் சொன்னேன்.

பெயர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். "யாரு தாத்தா அது, மருந்துக் கம்பெனியா?" என்றான். ஒரு பாட்டின் மெட்டை வாயால் முனகிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தவன் துள்ளி எழுந்தான். "அட, இது மூன் நைட்ல வர்ற பாட்டு!" 2022இல் வந்த ஒரு சாகசத் தொடராம் அது. முதல் அத்தியாயத்திலேயே 'எ மேன் வித்தவுட் லவ்' ஒலிக்கிறதாம். 1968இல் நான் குசினிக் கதவிடுக்கில் கேட்ட பாட்டை, ஐம்பத்து நாலு வருடம் கழித்து என் பேரன் கொழும்பு அறையில் படுத்துக்கொண்டு போனில் கேட்டிருக்கிறான். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாட்டு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த மனிதர் 1936 மே 2ஆம் திகதி மெட்ராஸில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்னல்ட் ஜோர்ஜ் டோர்சி. தகப்பன் பிரித்தானியப் பட்டாளத்துக்காரர். பத்துப் பிள்ளைகள் இருந்த வீடு. பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. வெயிலில் வளர்ந்த பிள்ளை, திடீரென்று குளிரும் புகையும் பிடித்த ஆலை ஊரில். முதலில் கையில் எடுத்தது சக்சபோன். பதினேழு வயதளவில் கூட்டாளிகள் உந்தித் தள்ளி ஒரு மதுக்கடைப் போட்டியில் பாட ஏற்றினார்கள். அங்கே ஜெரி லூயிஸ் என்ற சிரிப்பு நடிகனைப் போலப் பேசிக் காட்டினார். அதிலிருந்து 'ஜெரி டோர்சி' ஆனார்.

பட்டாளத்தில் கட்டாயச் சேவை முடித்து வந்து, 1959இல் டெக்கா கம்பெனிக்கு முதல் இசைத்தட்டுப் பாடினார். ஊர் கவனிக்கவில்லை. 1961இல் காசநோய் வந்தது.

இந்த இடத்தில் பேரனை நிறுத்தி, காசநோய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் தலைமுறைக்கு அது ஒரு சொல். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது லயத்தில் 'டீ.பி.' என்பதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்தக் காம்பராவுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். அடுத்த காம்பராக்காரர் குறுக்குச் சுவரில் ஓட்டை இருந்தால் கந்தல் துணி வைத்து அடைப்பார். இருமிக்கொண்டு மலைக்குப் போனவர்கள் இருமிக்கொண்டே காணாமல் போனார்கள். கொழுந்து எடுக்கிறவளுக்கு விரல் எப்படியோ, பாடுகிறவனுக்கு நெஞ்சு அப்படி. அந்த நெஞ்சில் வந்து உட்கார்ந்தது நோய். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. சுகமாகி வெளியே வந்தபோது, கொஞ்சம் தெரிந்திருந்த முகமும் மறந்துபோயிருந்தது. கல்யாணம் 1964இல். பிள்ளைகள். வாடகை. முப்பது வயதை நெருங்கும் பாடகனுக்கு முகவரி இல்லை.

1965இல் பழைய அறைக்கூட்டாளி ஒருவர் கைகொடுத்தார். கோர்டன் மில்ஸ். டொம் ஜோன்ஸ் என்ற பாடகரை மேலே கொண்டுவந்தவர் அவர்தான். அவர் செய்த முதல் வேலை, பெயரை மாற்றியது. 'ஹான்சலும் கிரெட்டலும்' என்ற இசை நாடகத்தை எழுதிய ஜெர்மன்காரர் ஒருவர் இருந்தார். 1854இல் பிறந்து 1921இல் செத்துப்போனவர். அந்த மனிதருடைய பெயரை அப்படியே எடுத்து இவருக்குப் போட்டுவிட்டார். வாயில் நுழையாத பெயர். ஒருமுறை நுழைந்தால் வெளியே போகாத பெயர். ஜெர்மனியில் மட்டும் வெறும் 'எங்கல்பர்ட்' என்றுதான் போஸ்டர் ஒட்டுவார்கள்.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயரை எழுதியவர்கள் நமது ஆட்கள் அல்ல. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார்கள். அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. பேரன் மேடைக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "என்னத்தையும் வச்சுக்க. பேரு உன்னத் தூக்காது, நீதான் பேரத் தூக்கணும். அந்த ஜெர்மன்காரரு பேரச் சொன்னா இன்னைக்குப் பாதி உலகத்துக்கு இந்த லெஸ்டர்காரர்தான் ஞாபகம் வருவாரு."

பெயர் மாறியும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1967இல்தான் நடந்தது. லண்டன் பலேடியம் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரு நிகழ்ச்சி. அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கும். அன்றைக்குப் பாடவேண்டிய டிக்கி வலன்டைனுக்குச் சுகமில்லை. அவருக்குப் பதிலாக யார் என்று தேடியபோது இவர் கிடைத்தார். பாடியது 'ரிலீஸ் மீ'. அதுவும் புதுப் பாட்டு அல்ல. 1949இல் எழுதியது. அமெரிக்காவின் கிராமியப் பாடகர்கள் பலர் ஏற்கெனவே பாடிச் சலித்தது. பதினெட்டு வயதான பாட்டை, முப்பது வயதான பாடகன், இன்னொருத்தனுடைய இடத்தில் நின்று பாடினார். பிறகு நாளொன்றுக்கு 85,000 தட்டுகள் வரை விற்றனவாம். பீட்டில்ஸ் குழுவின் 'பென்னி லேன்' தட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வரமுடியாமல் இரண்டில் நின்றது இந்தப் பாட்டினால்தான். 56 வாரம் தொடர்ந்து பட்டியலில் கிடந்தது.

அதே 1967 ஜனவரியில்தான் ரேடியோ சிலோன், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. பலகை மாறியதே தவிர எங்களுக்கு அது 'சிலோன் ரேடியோ'தான். தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், ஆங்கிலச் சேவையில் வெர்னன் கொரெயா என்று குரலை வைத்தே ஆளைச் சொல்லுவோம். லயத்தில் ரேடியோ இருந்த காம்பராக்கள் குறைவு. பங்களாவில் பாட்டுப் பெட்டியும் தட்டு அலமாரியும் இருந்தன. துரைசானி தபாலில் தட்டு வரவழைப்பார். இந்தப் பாட்டு அந்தப் பங்களாவில் எத்தனை தரம் சுழன்றிருக்கும் என்று கணக்கில்லை.

அதைக் கேட்டுத்தான் எனக்குக் கிட்டார்ப் பைத்தியம் பிடித்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு சின்னத்துரை, கழுத்து வெடித்த கிட்டார் ஒன்றை அப்பாவிடம் விட்டுப்போனார். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த ஆசாரி பசை போட்டுக் கட்டித் தந்தார். இடதுகை விரல்களை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் போதும், அந்தப் பாட்டுக்கு வேண்டியதெல்லாம் வந்துவிடும். தாளம் 'தகிட தகிட' என்று மெதுவாக நடக்கும். எங்கள் லயத்தில் தப்படிக்கிற பெரியவர் ஒருவர், காமன் கூத்துக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "இதென்னடா, நம்ம தகிடதான், கொஞ்சம் தூக்கத்துல நடக்குது" என்றார். அன்றிலிருந்து இங்கிலீசுப் பாட்டு எனக்கு அந்நியமாக இருந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

1969 டிசெம்பர். பங்களாவில் நத்தார் விருந்து. பக்கத்துத் தோட்டத் துரைமார், துரைசானிமார் எல்லாம் வந்திருந்தார்கள். கண்டியிலிருந்து வாத்தியக் கோஷ்டி பிடித்திருந்தார்கள். வாசிக்கிறவர்கள் கோச்சியில் முன்னதாக வந்துவிட்டார்கள். பாடுகிறவர் காரில் வந்தார். கினிகத்தேனைப் பக்கத்தில் மண் சரிந்து ரோட்டு மூடிக்கொண்டது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, ஆள் வரவில்லை.

குசினியில் நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே பாடுவதைத் துரை பல நாள் கேட்டிருக்கிறார் போல. அப்பாவிடம், "அப்பு, உன் மகனைக் கூப்பிடு. அவன் பாடட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "டேய், சட்டையப் போடு. தொர கூப்புட்றாரு."

நான் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புடிங் தட்டை எடுத்துக்கொண்டு முதுகால் கதவைத் தள்ளி உள்ளே போனார். கதவு ஆடிய இடைவெளியில் டிரம் அடிக்கிறவர் எழுந்து 'ரிலீஸ் மீ' பாடத் தொடங்குவது தெரிந்தது. குரல் தகரம். சொற்களும் தப்பு. பாடி முடித்ததும் ஹாலே கை தட்டியது.

வெட்கம் என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் முன்னால் தோட்டத்துப் பையன், செருப்பில்லாத கால் என்றெல்லாம் காரணம் தேடினேன். அதிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை வேறு. அந்தப் பாட்டை நான் ஆயிரம் தரம் கேட்டிருந்தேன், நூறு தரம் முனகியிருந்தேன். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒருமுறைகூடப் பாடியதில்லை. எனக்குத் தெரிந்தது கதவிடுக்கில் விழுந்த துண்டுகள் மட்டும். மூன்றாவது அடியில் என்ன சொல் வரும் என்று அந்த நிமிசம்வரை எனக்குத் தெரியாது. பாத்திரம் துடைக்கும்போது அது தெரியவேண்டியதில்லை. எல்லாரும் எழுந்து நின்று பார்க்கும்போது தெரியவேண்டும்.

ஆகவே அதிர்ஷ்டம் என்ற பேச்சை எடுக்காதே என்று பேரனிடம் சொன்னேன். மாற்று ஆளாக ஏறும் சந்தர்ப்பம் அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவருக்கு வந்தபோது கூலிக்குப் பாடிய சின்னச் சின்ன மேடைகள் எட்டு வருடத்து அளவுக்குக் கையிருப்பில் இருந்தன. யாரும் கேட்காத மேடைகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடியிருந்தார். நாற்பத்து மூன்று பேர் பார்த்த பாட்டு என்று நீ சலித்துக்கொள்கிறாயே, அந்த நாற்பத்து மூன்று பேருக்காக நீ அதை முழுசாகப் பாடி முடித்தாயா, இல்லையா? "முழுசாத்தான் பாடினேன்" என்றான், கொஞ்சம் ரோசத்தோடு. அப்படியென்றால் பத்தொன்பது வயதில் நான் இருந்த இடத்தைவிட நீ முன்னால் நிற்கிறாய் என்றேன்.

அந்தப் பாட்டை நான் முழுதாகப் பாடியது 1972இல். அதற்கு ஒரு கோச்சி வரவேண்டியிருந்தது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரர் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். அக்கா றொசல்லைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளைத் 'தாயகம் திரும்புகிறவள்' என்று கடதாசியில் எழுதியிருந்தார்கள்.

ஹட்டன் ஸ்டேசனில் அந்த நாட்களில் நின்ற கோச்சிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பெட்டிக்குள் இருப்பவர்களும் மேடையில் நிற்பவர்களும் ஜன்னல் வழியாகக் கை பிடித்திருப்பார்கள். கோச்சி நகரும். கையை விடமாட்டார்கள். கூடவே ஓடுவார்கள். மேடை முடிகிற இடத்தில் யாராவது பிடித்திழுத்து விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டும். அக்காவின் கையை என் கையிலிருந்து பிரித்துவிட்டவர் முன்பின் தெரியாத ஒரு போர்ட்டர். "வுடு தம்பி, வுடு" என்றார்.

பஸ் ஏற மனம் வரவில்லை. தண்டவாளத்தின் மேலேயே றொசல்லைக்கு நடந்தேன். நடக்க நடக்க அந்தப் பாட்டு வாயில் வந்தது. அதன் தலைப்பே 'என்னை விட்டுவிடு' என்பதுதான். யாரோ ஒருத்தன் பழைய காதலை அறுத்துக்கொண்டு வேறொருத்தியிடம் போகக் கேட்கிற பாட்டு. எங்கள் கதைக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அது எங்கள் பாட்டாக இருந்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, எங்கேயும் திக்காமல், நனைந்துகொண்டே பாடினேன். கேட்டது தேயிலை மட்டும்தான்.

பிற்பாடுதான், அந்தப் பாடகரும் மெட்ராஸில் பிறந்து, பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு' பத்து வயதில் கூட்டிப்போகப்பட்டவர் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அக்கா போனதும் அந்த மெட்ராஸ் இருந்த மாநிலத்துக்குத்தான். கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்கென்று அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து கிள்ளினாள். கடிதத்தில் எழுதுவாள்: "இங்கயும் மழதான். ஆனா சத்தம் வேற மாதிரி இருக்கு."

நான் ஸ்டோரில் சேர்ந்தேன். முதலில் வாட்டுகிற மாடி, பிறகு ரோலர். அதோடு ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் கல்யாண வீடுகளில் முப்பது வருடம் பாடினேன். நாலு பேர் கோஷ்டி. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாடாமல் எந்த மேடையிலிருந்தும் எங்களை இறங்க விட்டதில்லை. சிங்களமும் தமிழும் கலந்த அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு மனோகரன் இலங்கையிலிருந்து இந்தியாவெல்லாம் சுற்றினார். சினிமாவில் வில்லனாகக்கூட நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் போட்ட தலைப்பிலும் அந்தப் பாட்டுத்தான் இருந்தது. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன. அவர் நம் மலைநாட்டு ஹப்புத்தளையில் பிறந்தவர். அவர் பாட்டு கேட்டால் சிங்களவர் தமிழர் என்று பார்க்காமல் எல்லார் காலும் ஆடும். ஆனால் இவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

கல்யாண மேடைகளில் எனக்குச் சலிப்பு வந்த காலம் உண்டு. அதே பாட்டு, அதே சாப்பாடு, அதே குடிகார மாமன். ஒரு நாள் என் வீட்டுக்காரியிடம் புலம்பினேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவள். "ஏழு நாளைக்கி ஒருக்கா அதே மலைக்கிப் போறேன். அதே செடி. எங்கம்மாவும் அதுலதான் கிள்ளுனாங்க. ஆனா கிள்ளுற கொழுந்து போன வாரம் கிள்ளுனதா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கால் கழுவப் போய்விட்டாள்.

மேடைப் பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஹம்பர்டிங்க் 1967இலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் 'ரிலீஸ் மீ' பாடவேண்டியிருந்தது. லாஸ் வேகஸ் ஹோட்டல் மேடை என்றாலும் ஊர் ஊராகப் போகும் அரங்கு என்றாலும், சனம் காசு கொடுத்து வருவது அதற்குத்தான். வருடத்துக்கு நூறு மேடை என்று குறைத்துப் பிடித்தாலும் ஐம்பது வருடத்தில் ஐயாயிரம் தரம். அவருக்கு அது ஐயாயிரமாவது தரம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அது அன்றைய ஒரே தரம். அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய ஏதோ ஒரு சாயங்காலம் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. பாடகர் அதைக் கசக்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் மேடைப் படங்களில் நான் கவனித்தது ஒன்று. அந்தப் பாட்டை முதலிலேயே தூக்கிப் போட்டுவிட மாட்டார். வேறு பாட்டுப் பாடி, நடுவில் மற்றப் பாடகர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்து (மதுக்கடைப் போட்டியில் பேர் வாங்கித் தந்த வித்தை, கைவிடவே இல்லை), கூட்டம் தானாக அதைக் கேட்கும் நிலைக்கு வந்த பிறகுதான் தொடங்குவார். கொழுந்து முற்றவும் கூடாது, அரும்பாகவும் கிள்ளக்கூடாது. அந்தப் பதம்.

பதம் தெரிந்தவனுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. 'ரிலீஸ் மீ' தட்டின் பின்பக்கத்தில் 'டென் கிட்டார்ஸ்' என்று ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். தட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே, சும்மா விடமுடியாது என்று போடுகிற வகை. அதை எங்கோ கிடக்கும் நியூசிலாந்துக்காரர்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குறிப்பாக அந்த மண்ணின் மவோரி மக்கள். விருந்து, கல்யாணம், மதுக்கடை எங்கே கிட்டார் இருந்தாலும் அது ஒலிக்கும். அந்த நாட்டின் இரண்டாவது தேசிய கீதம் என்று விளையாட்டாகச் சொல்லுகிற அளவுக்கு அவர்களுடைய சொத்தாகிவிட்டது. கம்பெனிக்காரனும் இதை நினைத்திருக்கமாட்டான், பாடியவரும் நினைத்திருக்கமாட்டார். "ஒன் நாப்பத்தி மூணு பேரு யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று பேரனைக் கேட்டேன். பத்துப் பேர் லயம், மூன்று அவனே. மிச்சம் முப்பது பேர் யார் என்று அவன் யோசித்திருக்கவில்லை.

தோல்வியை அவர் கிழவரான பிறகும் பார்த்தார். 2012இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் பிரித்தானியா அவரை அனுப்பியது. பாக்கு நகரத்தில், 76 வயதில், பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு. இறுதிச் சுற்றில் 26 பேர். இவர் 25ஆவது. கிடைத்தது 12 புள்ளி. பத்திரிகைகள் கேலி செய்தன. இரண்டு வருடத்தில் எல்டன் ஜோன், வில்லி நெல்சன் போன்றவர்களை அழைத்து இருவர் பாடும் பாட்டுகளாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். மறுபடி மேடைக்குப் போய்விட்டார். எனக்கு அந்த 25ஆவது இடம் முதலிடத்தைவிடப் பிடிக்கும். செடியைக் கவ்வாத்து வெட்டின மலையைப் பார்த்திருக்கிறாயா? வெறும் குச்சியாக, செத்துப்போன மாதிரி நிற்கும். கவ்வாத்து வெட்டாத செடி மரமாகி மேலே போய்விடும். கைக்கு எட்டாது, கொழுந்தும் தராது. (பேரன் இந்த உவமையை ரசிக்கவில்லை. "எல்லாத்துக்கும் தேயிலயா தாத்தா?" என்றான். எனக்குத் தெரிந்த மலை இதுதானே.)

அவர் மனைவி பற்றீசியாவுக்குப் பல வருடம் மறதி நோய். அவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே கச்சேரிக்கும் போய் வந்தார். 2021 பெப்ரவரியில், கொரோனா தொற்றிய பிறகு, அவள் இறந்துவிட்டாள். அதற்குப் பின்னும் மேடை ஏறினார். 80 தாண்டிய குரல் பழைய உயரத்துக்குப் போகாது. அவர் போகவும் பார்க்கவில்லை. எட்டுகிற இடத்தில் நின்று பாடினார். என் வீட்டுக்காரி போன பிறகு நான் கிட்டாரைத் தொடவில்லை என்பதையும் பேரனிடம் அப்போதுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மழை விட்டுக்கொண்டிருந்தது.

பேரன் எழுந்து காம்பராவுக்குள் போனான். மரப்பெட்டிக்கு மேலேயிருந்த என் பழைய கிட்டாரை, துணியைப் பிரித்து எடுத்துவந்தான். ஒரு கம்பி இல்லை. மீதியைத் திருகித் திருகிச் சுதி கூட்டினான். ஆசாரி பசை போட்ட கழுத்து இன்னும் விடவில்லை.

"அன்னைக்கி தொர பங்களாவுல பாடாத பாட்ட இப்ப பாடுங்க. நான் வாசிக்கிறேன்."

"தொண்ட கட்டியிருக்குடா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் சிரிக்கவில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "எந்தக் கட்டை?" என்று கேட்டான்.

"ரெண்டு எறக்கி வை" என்றேன்.

'தகிட' என்று அவன் தொடங்கும்போது வட்டவளைப் பக்கம் கோச்சி ஊதியது. அது வளைவு ஏறி, ஸ்டேசனைத் தாண்டி, ஹட்டன் பக்கம் போகும்வரை இங்கே ஒரு சத்தமும் கேட்காது. அவன் விரலைக் கம்பியின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மனசுக்குள் மூன்றாவது அடியை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.